எண்ணெய் தொடாத ஜாடி

பெயர்தான் சின்னப்பொண்ணு. வயது நாற்பத்தாறு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், செடிகொடிகளிலிருந்து பூச்சிக்கொல்லி எண்ணெய் எடுக்கும் ஒரு கம்பெனியில் வண்டு வளர்க்கிற வேலை. சிரிக்காதீர்கள், அப்படியும் ஒரு வேலை இருக்கிறது. அரிசியில் வருமே, அந்த வண்டுதான். எண்ணெய் அதைக் கொல்கிறதா என்று பார்க்க, முதலில் கொல்வதற்கு வண்டு வேண்டுமல்லவா?

வளர்க்கிறவள்மேல் எந்த வாசனையும் இருக்கக் கூடாது. பூ, பவுடர், வாசனை சோப்பு, ஊதுவத்தி எதுவும் ஆகாது, வண்டில் பட்டால் சோதனை கெட்டுவிடும். அதனால்தான் மேனேஜர் ஜோசப் இவளைப் பிடித்துப் போட்டார். புருஷன் செத்தவள், பூ வைக்காதவள். கவரைப்பேட்டையில் ஒண்டிக்கட்டை வாழ்க்கை, வீட்டுக்கு வந்துபோக ஆள் கிடையாது. "இதுக்கு நீதாம்மா சரியான ஆளு" என்றார். அதைப் பாராட்டு மாதிரியே சொன்னார், அந்த மனுஷன்!

மற்ற பெண்களெல்லாம் பேக்கிங் ஹாலில். எண்ணெய் வாசத்திலேயே ஊறிக்கொண்டு, ஒருத்தி குழம்பை இன்னொருத்தி பிடுங்கிச் சாப்பிடுவார்கள். இவள் அந்தப் பக்கமே போகக் கூடாது. காம்பவுண்டுச் சுவரோரம் தனி அறை, தனிச் சோறு. மூன்று வருஷமாக வண்டுகளோடுதான் பேச்சு. அவை ஊர்வதோடு சரி, "உம்" கொட்டுமா?

எண்ணெயின் சூட்சுமத்தை ஜோசப் ஒருமுறை விளக்கியிருந்தார். எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், துளசியில் யூஜெனால், யூகலிப்டஸில் சினியோல். "தனித்தனியா வெச்சா பாதி வண்டு தப்பிச்சிக்கினு பூடும்மா. மூணும் ஒண்ணு சேந்தாதான் வேல ஆவும்." எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் மெஷின் வரைந்த தாளில் மூன்றும் கோபுரம் கோபுரமாக நின்றன. எண்ணெய்க்குக்கூடத் துணை கேட்கிறதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

இப்போது நடப்பது கடைசிச் சோதனை. ஐந்து ஜாடிகளில் எண்ணெய் தொட்ட காகிதம், ஐந்தில் வெறும் காகிதம். மறுநாள் எண்ணெய் ஜாடியில் வண்டு சாக வேண்டும், வெறும் ஜாடியில் பிழைத்திருக்க வேண்டும். இரண்டு முறை சரியாக வந்துவிட்டது. மூன்றாவதும் வந்தால் அறையை மூடிவிட்டு இவளைப் பேக்கிங்குக்கு மாற்றுவதாக ஜோசப் சொல்லியிருந்தார். பத்துப் பேர் நடுவே உட்கார்ந்து ஒரு வாய்ச் சோறு, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்று காலை அறைக்குப் போகிற வழியில் பேக்கிங் அருணா ஓடி வந்தாள். சின்ன வயசு, சரியான வாயாடி. கையெல்லாம் எண்ணெய்ப் பிசுபிசுப்பு.

"யக்கா! நாளிக்கு டெஸ்ட் முடிஞ்சா இனிமே எங்ககூடதானாமே! சார் சொல்லிக்கினு இருந்தாரு!"

சொன்ன கையோடு கட்டிப்பிடித்துவிட்டாள்.

"அய்யே, வுடுடி! இன்னா பண்ற நீ!" என்றாள் சின்னப்பொண்ணு. சொன்னாளே தவிர விலகவில்லை. மனுஷர் உடம்பு இத்தனை கதகதப்பா! அது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

ஜோசப்பிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் சோதனையை ஒரு வாரம் தள்ளிவைப்பார். ஒரு வாரமா? இன்னும் ஒரு நாள்கூட அவளால் முடியாது. குழாயடியில் சீயக்காய் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டு உள்ளே போய் ஜாடிகளில் காகிதம் ஒட்டினாள். கை கழுவியாயிற்று. புடவையிலும் ரவிக்கையிலும் ஒட்டியதை என்ன செய்ய முடியும்? குனிந்து ஒட்டும்போதெல்லாம் முந்தானை காகிதத்தில் உரசிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் வெறும் ஜாடிகளிலும் பாதி வண்டுகள் மல்லாந்து கிடந்தன.

ஜோசப் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு! மூணு ரவுண்டும் மறுபடி மொதல்லருந்து, ஒவ்வொண்ணுக்கும் புது வண்டு வளக்கணும். ஆறு மாசம் பேஜாரு. எப்டிம்மா ஆச்சி? பேக்கிங் ஆளுங்க யார்னா உன்னத் தொட்டாங்களா?"

அருணாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தப் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அவளும் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

"இல்ல சார். என்னிய யாரு சார் தொடப் போறாங்க?"

"அதுவும் சரிதான்" என்றார் ஜோசப். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. காகிதத்தில் ஏதோ கோளாறு என்று எழுதிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சின்னப்பொண்ணு செத்த வண்டுகளைக் கொட்டிவிட்டுப் புது அரிசியை அளந்து போட்டாள். அவர் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கலாம் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.