டிரையரில் ஒன்பது கஜம்

மாமியார் கோமதி டிரையர் முன்னால் நின்று புலம்பப் புலம்ப, ஜெயப்ரியாவுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

"சுத்தறது, ஆனா சூடே வரல்லே. நாளைக்கு என் மாமனார் திவசம். ஒன்பது கஜம் காயாட்டா எதைக் கட்டிண்டு சமைப்பேன்?"

டாக்குரியாவில் விடாத மழை. மடிப் புடவையை யாரும் தொடக்கூடாது, கோலால்தான் கொடியில் போட வேண்டும். மெஷின் மனுஷன் இல்லையே, அதற்கேது தீட்டு, விழுப்பு என்று சாஸ்திரத்தை வளைத்து டிரையர் வாங்கிய புண்ணியவதி கோமதி. கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்த வேற்றுஜாதி மருமகளுக்கு மட்டும் சாஸ்திரம் வளையவில்லை. திவச நாளில் சமையலறைப் பக்கமே அவள் வரக்கூடாது. போன ஆடியில் மழை வருகிறதே என்று மொட்டைமாடியிலிருந்து அந்தப் புடவையை ஜெயப்ரியா அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். சொந்தக்காரர்கள் எதிரிலேயே கோமதி அதைப் பிடுங்கி வாளியில் முக்கினாள். "உன் கை பட்டா அது மடியாடி?" அன்றைக்கு எரிந்த வயிறு இன்னும் ஆறவில்லை.

டிரையர் வந்த வாரம் பஞ்சு தங்கும் ஃபில்டரைத் துடைக்கப் போனபோதும் அதே பாட்டுதான், "தொடாதே." சரி, தொடவில்லை. சால்ட் லேக் ஆபீஸில் நாள் முழுக்க ஊர்பேர் தெரியாதவர்களுக்கு போனில் 'முதலில் ஃபில்டரைப் பாருங்கள்' என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், வீட்டில் வாயைத் திறக்கவில்லை. நன்றாக அடைக்கட்டும் என்று காத்திருந்தாள்.

இந்த மழையில் வர முடியாதென்று மெக்கானிக் கையை விரித்துவிட்டான்.

"நீ ஆபீஸ்ல இதானே பண்றே? கொஞ்சம் பாரேன்."

"தொடலாமா அத்தை?"

கோமதி ஒதுங்கி வழிவிட்டாள். "மெஷினைத்தானே. தொடு."

ஜெயப்ரியா பிளக்கைப் பிடுங்கினாள். ஃபில்டரில் ஒரு தலையணைக்கான பஞ்சு. காற்று போக வழியில்லாமல் உள்ளே கொதித்து, சூடு மிஞ்சினால் அணைந்துகொள்ளும் சுவிட்ச் விழுந்திருந்தது. பஞ்சை வழித்தாள், காற்றுக் குழாயை உதறினாள், பின்பக்கத்துச் சின்னப் பட்டனை அழுத்தினாள். சூடு வந்தது.

"போறும், நகரு." நன்றியாவது மண்ணாவது. கோலால் புடவையை உள்ளே போட்ட கையோடு, மருமகள் நின்ற இடத்தில் கோமதி தண்ணீர் தெளித்தாள். இருக்கட்டும் என்று ஜெயப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, லேக் மார்க்கெட்டில் இன்னொரு திவசம் இருக்கிறதென்று வாத்தியார் சீக்கிரமே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. குளித்த ஈரத்தோடு கோமதி கதவிடுக்கில் நின்று பார்க்கும்போதே ஜெயப்ரியா டிரையரைத் திறந்தாள். ஒன்பது கஜத்தையும் இரண்டு கையாலும் அள்ளினாள். மார்போடு அணைத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். புடவை மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

"அடிப்பாவி," என்றாள் கோமதி, சத்தம் வெளியே வராமல்.

"மறுபடி நனைச்சுப் போடுங்க அத்தை. நேரமாகும்னு வாத்தியார்கிட்ட நானே சொல்றேன். ஏன்னும் சொல்லிடறேன்."

கோமதி கையை நீட்டிப் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இலை முன் உட்கார்ந்த வாத்தியார் மனசாரச் சொன்னார். "இந்த ஊர்ல இப்படி மடியா யார் பண்றா மாமி?"

கோமதி தலை நிமிராமல் அடுப்படிக்குத் திரும்பினாள். ஜெயப்ரியா சமையலறைக்குள் நேராக நடந்தாள்.

"வடை நான் தட்டட்டுமா அத்தை?"

கோமதி கூடத்தைப் பார்த்தாள், மருமகளின் கையைப் பார்த்தாள். மாவுப் பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

வாத்தியார் இன்னும் இரண்டு வடை கேட்டார்.