விளக்குக்குள் பாசி

மேட்டுப்பாளையம் ரோட்டு சர்வீஸ் சென்டரில் முனியசாமி வண்டியைக் கொண்டு நிறுத்தியபோது பின்விளக்கிலிருந்து மத்தி மீன் வாடை அடித்தது. இரண்டு விளக்கையும் ஈரப் படங்கால் சுற்றி, சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டியிருந்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் முரட்டுப் படங்கு அது. அதற்குள்ளே ஐஸ். நடுவட்டத்தில் தொடங்கி எண்பது கிலோமீட்டர் உருகி உருகி, பம்பரெல்லாம் செதிலும் சொட்டுமாக வழிந்திருந்தது. வாட்ச்மேன் மூக்கை மூடிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, மீன் வண்டியெல்லாம் இங்க எடுக்கறதில்லைங்க."

"டாக்ஸிங்க இது. உங்க கம்பெனி வண்டிதான்."

"அப்ப மீனு?"

"மீனு மேலயே எறங்கிருச்சு. வாசம் மட்டும் சவாரி வந்துருக்கு."

அவர் சிரிக்காமல் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான்காவது சீட்டு. இதற்கு முன் வந்த மூன்று முறையும் நடந்தது ஒன்றுதான். காலையில் நடுவட்டத்தில் கிளம்பும்போது விளக்குக்குள் மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி நீர் பூத்து, சொட்டுச் சொட்டாகக் கோத்து நிற்கும். குன்னூர் தாண்டி பர்லியார் இறங்கினால் வெயில் உறைக்கும். கல்லாறு வருவதற்குள் விளக்கு துடைத்து வைத்த எவர்சில்வர் டம்ளர் போல ஆகிவிடும். இங்கே சட்டைக்கு இஸ்திரி போட்ட பையன்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லீங்களே சார்" என்பார்கள். செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினால், "கம்பெனிக்கு நாங்க எடுக்கிற படம்தான் சார் கணக்கு" என்பார்கள். மலையில் வருகிற நோயைச் சமவெளிக்கு எடுத்து வந்து காட்ட வேண்டும். வரும் வழியிலேயே அது குணமாகிவிடும். மலையில் விற்க மட்டும் ஆள் வைத்திருந்தார்கள். வாரண்டி வேலைக்கு இறங்கித்தான் வர வேண்டும். வாரண்டி சனிக்கிழமையோடு முடிகிறது. இன்று வியாழன்.

வாரண்டி முடிவதைவிடப் பெரிய கெடு, கொழுந்து பறிக்கும் மூக்கம்மாவுடையது. முனியசாமி எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து ஆறு பிள்ளைகளை ஊட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறான். போன திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, பைக்காரா வளைவில், கைநீட்டினால் கை தெரியாத மஞ்சுப் பனி. மாடு நின்றதென்று அவன் பிரேக் அடிக்க, பின்னால் முட்டைக்கோஸ் ஏற்றி வந்த பிக்கப் வந்து பம்பரை முட்டியது. முட்டியதோடு போயிற்று. பிக்கப் டிரைவர் இறங்கி வந்து திட்டவில்லை. "சத்தியமா வெளிச்சம் தெரியலீங்க" என்று மட்டும் சொன்னான். கடைசி சீட்டில் மூக்கம்மாவின் மகள் தாரிணி இருந்தாள். சாயந்திரம் கொழுந்துக் கூடையை இறக்காமலேயே மூக்கம்மா வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்களக் குத்தம் சொல்லல. லைட்ட மாத்திட்டு வாங்க. இல்லேன்னா வெள்ளிக்கெழமையில இருந்து எம்புள்ள பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போவட்டும். நாலு ஊட்டுலயும் அதேதான் சொல்றாங்க."

யோசனை சொன்னவளும் அவளே. "அவனுவளுக்கு ஈரத்தக் காட்டணும், அவ்வளவுதான? காயாமக் கொண்டுபோங்க." படங்கைக் கழற்றிக் கொடுத்தாள். நடுவட்டம் பஜாரில் மீன் கடை வைத்திருக்கும் அயூப் பெட்டி நிறைய ஐஸ் அள்ளிக் கொடுத்தார். கோழிக்கோட்டிலிருந்து கூடலூர் வழியாக மத்தியோடு வந்த ஐஸ். "அண்ணே, நாலு நாள் மீனையே புதுசுன்னு காட்டற ஐஸ் இது. ஒங்க லைட்ட விட்ருமா?" என்று கண்ணடித்தார்.

சர்வீஸ் அட்வைசர் நவநீதன் வந்தான். இருபத்தெட்டு இருக்கும். கையில் டேப்லெட், முகத்தில் ஒரு சிரிப்பு. காலையில் பேட்ஜோடு சேர்த்துக் குத்திக்கொண்டு வந்ததுபோல அசையாத சிரிப்பு. முனியசாமி டியூபை அவிழ்த்துப் படங்கை உருவினான். வாடை குப்பென்று எழும்பியது. பக்கத்தில் காருக்காகக் காத்திருந்த அம்மாள் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு ஏசி அறைக்குள் போய்விட்டாள். ஆனால் விளக்கு! தயிர் உறைந்த மாதிரி உள்ளே வெள்ளையாக அப்பியிருந்தது. நடுவில் சொட்டுகள் கோத்து ஓடிக் கோடு போட்டிருந்தன. ஒரு வருஷமாகக் கெஞ்சிய சாட்சி கடைசியில் கோர்ட்டுக்கு வந்துவிட்டது.

"ஐஸ் வச்சீங்களா சார்?" என்றான் நவநீதன்.

"வச்சேன். இல்லாட்டி உங்களுக்குத் தெரியாதே."

"வெளிய குளிர் வச்சா உள்ள வேர்க்கத்தான் சார் செய்யும். எந்த வண்டிக்கு வச்சாலும் வேர்க்கும். இதெல்லாம் நார்மல்."

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் முனியசாமிக்குக் குமட்டியது. பாதி நிஜத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிற வித்தையை இவர்களுக்கு எங்கேயோ உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காபி தரட்டுமா சார், ஏசியில் உட்காருங்க சார், உங்கள் வருத்தம் புரிகிறது சார். ஒரு சாரும் உள்ளே போகவில்லை. அதைவிடக் குமட்டியது தன் வாயிலிருந்தே வந்த சொல்.

"கொஞ்சம் பாத்துச் செய்யுங்க சார்."

அது அவனுடைய குரலில்லை. அவன் அப்பாவின் குரல். லீவு கேட்டு எஸ்டேட் ஆபீஸ் வாசலில், துண்டைக் கக்கத்தில் இடுக்கி, முதுகைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு கேட்கிற குரல். ஸ்டீயரிங் பிடித்து இருபது வருஷமாயிற்று. அந்தக் குரல் செத்துப்போயிற்று என்று நினைத்திருந்தான். மகன் வயதுப் பையன் முன்னால் அது தானாக எழுந்து வந்து கை கட்டி நின்றது. காறித் துப்பலாம் போலிருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

குனிந்து விளக்கின் கீழ் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினான். உள்பக்கம் சந்தில், நகக்கண் அகலத்துக்குப் பச்சையாக ஒரு கோடு ஓடியிருந்தது.

"ஐஸு நான் வச்சேன் தம்பி. பாசியுமா நான் வச்சேன்?"

நவநீதன் டார்ச் அடித்தான். ரொம்ப நேரம் அடித்தான். சிரிப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் நகர்ந்தது. பாசி ஒரு காலையில் பிடிப்பதில்லை என்று சமவெளிக்காரனுக்கும் தெரியும். படம் எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனான். அங்கே மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, விளக்கை ஒருமுறையும் வந்து பார்க்காமல், டேப்லெட்டைப் பார்த்துத் தலையாட்டுவது வெளியிலிருந்து தெரிந்தது.

அந்தத் தலையாட்டல் முனியசாமிக்குப் புதிதில்லை. எஸ்டேட்டில் கொழுந்தை நிறுக்கிற எடைக்காட்டில் அம்மா சாக்கைத் தூக்கி வைக்கும்போது கணக்கர் அப்படித்தான் ஆட்டுவார். மழை நாளில் இலையில் ஈரமென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார். வெயில் நாளிலும் பனி இருந்திருக்குமென்று ஒரு கிலோ கழிப்பார். சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தால்தானே காய்ந்திருப்பது தெரியும், அவர் விட்டதில்லை. ஊரில் உள்ள ஈரமெல்லாம் அம்மாவின் சாக்கில்தான் இருந்தது. இன்று கண்ணெதிரே சொட்டுகிற ஈரம் யாருக்கும் தெரியவில்லை. படிப்பும் டையும் டேப்லெட்டும் வந்து, வேலை என்னவோ அதேதான்.

நவநீதன் ஒரு தாளோடு வந்தான். 'விளக்கினுள் வெளித் தூசி படிந்துள்ளது. நீர் பூப்பது இயல்பானது என வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார்.'

"தூசியா இது? பச்சைத் தூசியா?"

"சார், இதுல ஒரு சைன் போட்டீங்கன்னா ஜாப் க்ளோஸ் பண்ணிடுவேன். வண்டியப் ப்ரீயா வாஷ் பண்ணித் தரச் சொல்லியிருக்காங்க, ஸ்மெல் போயிரும்."

முனியசாமி பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே, எட்டாம் வகுப்போடு நின்றுபோன உருண்டை எழுத்தில், நிதானமாக எழுதினான். 'இந்த வண்டியில் ஆறு பிள்ளைகள் போகின்றன. மஞ்சில் பின்னால் வருபவனுக்கு விளக்கு தெரியவில்லை. இதை நவநீதனிடம் சொன்னேன். அவர் பாசியைப் பார்த்தார்.' எழுதிவிட்டு தாளையும் பேனாவையும் அவனிடமே நீட்டினான்.

"இதுக்குக் கீழ நீங்க போடுங்க. அப்புறம் நான் போடறேன்."

நவநீதன் படித்தான். பேனாவை வாங்கவில்லை. சுற்றிலும் ஒரு முறை பார்த்தான்.

"நான் எப்படிங்க போடறது?"

"நீங்க பார்க்கலியா?"

"பார்த்தேனுங்க." குரல் இறங்கி, சார் போய், வீட்டுப் பேச்சு வந்தது. "அண்ணா, நீலகிரி வண்டி எது வந்தாலும் இப்படித்தானுங்க வருது. ஒண்ணுக்கு மாத்துனா அத்தனைக்கும் மாத்தணும். மாத்த வேண்டாம்னு மேல இருந்தே சொல்லிட்டாங்க. நான் எழுதுனா நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். எனக்கும் ஊட்டுல ஒண்ணு ஸ்கூலுக்குப் போகுதுங்க."

"எதுல போகுது?"

"ஆட்டோவுல."

"லைட்டு எரியுதா?"

நவநீதன் தரையைப் பார்த்தான். உருகிய ஐஸ் அவனுடைய ஷூவைச் சுற்றித் தேங்கியிருந்தது. முனியசாமி தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். வாஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மலை ஏறுகையில் படங்கு பக்கத்து சீட்டில் கிடந்து நாறியது. ஜன்னலை இறக்கினான். பர்லியார் வரைக்கும் வெயில். காட்டேரிக்கு முன்னாலேயே மஞ்சு இறங்கி ரோட்டைத் தின்ன ஆரம்பித்திருந்தது. செல்போன் அடித்தது. திரையில் மூக்கம்மா. எஸ்டேட்டில் எடை முடிந்திருக்கும். எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்தது.

வளைவு திரும்பியதும் காலைப் பிரேக்கில் போட்டு மிதித்தான். நாலடி முன்னால், வெள்ளைக்குள் இரண்டு செந்நிறக் கலங்கல். வண்டி என்றே தெரியவில்லை. நெருங்கியபின்தான் உருவம் வந்தது. அவனுடையதே மாதிரி கார், அதே நிறம், புத்தம் புதிது. பூஜைச் சந்தனம் காயாத பின்கண்ணாடி. அதற்குள் ஒரு குழந்தை மண்டியிட்டு, வேர்த்த கண்ணாடியில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தது.

முந்திப் போக இடமில்லை. பின்னால் வருபவனுக்கு இதுவாவது தெரியட்டும் என்று நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுவிட்டு, அந்தக் கலங்கலை விடாமல் ஒட்டியே போனான். போன் மறுபடி அடித்தது. குழந்தை அவனைப் பார்த்துக் கையசைத்தது. பின்னால் எங்கேயோ லாரி ஹாரன் கேட்டது. ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தான். வெள்ளை தவிர ஒன்றுமில்லை. ஹாரன் இன்னும் கிட்டே கேட்டது.