பரிசீலிக்கிறோம்

பேச்சுவார்த்தையின் மூன்றாம் நாள். நீள மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து இரு தரப்புக்கும் அவள்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். எல்லை தாண்டியதாகச் சொல்லி அண்டை நாடு பிடித்து வைத்திருந்த பதினொரு மாலுமிகளை மீட்கத்தான் இந்தப் பேச்சு. அவர்களில் ஒருவர் அவளுடைய அக்காவின் கணவர். இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அன்றே வேறு ஆளைப் போட்டிருப்பார்கள்.

இந்தப் பக்கத்துத் தலைவருக்கு எதுவும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துத் தலைவரோ முதல் நாள் முழுக்கக் குசலம்தான் விசாரித்தார். முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்பது வரை பேச்சு போனது, மாலுமிகளிடம் மட்டும் வரவில்லை. முகத்துக்கு நேரே 'முடியாது' என்பது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவு.

இன்று இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் நீட்டப்பட்டது. மாலுமிகளை விடப் பத்து நாள் கெடு. அந்தப் பக்கத்துத் தலைவர் அதைப் படிக்காமலே மடித்து வைத்துவிட்டு, சிரித்த முகமாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"பரிசீலிக்கிறோம் என்கிறார்" என்று மொழிபெயர்த்தாள்.

இடைவேளையில் தன் தலைவரைத் தாழ்வாரத்தில் மடக்கினாள். "சார், அவங்க பரிசீலிக்கிறோம்னா முடியாதுன்னு அர்த்தம். கெடு வெச்சது அவமானமாப் போச்சு. நீங்க தனியாப் போய் ஒரு உதவியாக் கேட்டா..."

"நம்ம ஆளுங்களை விடச் சொல்லிக் கெஞ்சணுமா?" அவர் கோபப்படவில்லை. "வார்த்தையை மட்டும் சொல்லும்மா. அர்த்தம் பாக்க நாங்க இருக்கோம்."

மாலையில் நிருபர்களிடம் அவர் "நல்ல முன்னேற்றம்" என்றார். சற்று நேரத்தில் அக்காவின் போன் வந்தது.

"டிவில பாத்தேன்டி. உங்க அத்தான் வந்துருவார்ல?"

"பரிசீலிக்கிறோம்னுதான்க்கா சொல்லியிருக்காங்க."

"அப்போ பாதி சரின்னு சொன்ன மாதிரிதானே?"

உண்மையைச் சொன்னால் அக்கா இன்றே இடிந்துபோவாள். சொல்லாவிட்டால் பத்து நாள் கழித்து. "பாக்கலாம்க்கா" என்றாள்.

கெடு வந்தது, போனது. இரு நாடுகளும் தங்கள் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. பதினொரு பேரும் தொலைவிலிருந்த வேறு சிறைக்கு மாற்றப்பட்டதாகப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது.

அன்று அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா அழவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீ அந்த ரூம்லதானேடி இருந்தே. ரெண்டு பக்கமும் பேசினது எல்லாம் உன் வாய் வழியாத்தானே போச்சு?"

"ஆமாக்கா."

"உன்னால ஒண்ணும் பண்ண முடியலையா?"

"முடியலைக்கா."

அக்கா எழுந்து போய்த் தட்டு எடுத்து வைத்து, "சாப்பிடு" என்றாள்.