கிழவர் படத்தின் ஓரம்

அது தட்டு விழுந்த சத்தமாகத்தான் இருக்கும், பல் உடைந்தால் இத்தனை சத்தம் வராது என்று ராக்கம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த அடியோடு வீரமுத்துவின் குரலும் சேர்ந்து வந்தது. தட்டு இல்லை.

குசினியில் அவள் கை தன் பாட்டுக்குக் கறியைக் கிளறிக்கொண்டிருந்தது. மலாயாவில் கோலா பிலா பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் அவள் சமையல்காரி. வீரமுத்து காலையில் பால்மரத்தைக் கீறிப் பால் வெட்டிவிட்டு, பிறகு பங்களாப் பூச்செடிகளைப் பார்க்கிறவன். முன்கூடத்தில் அவனைப் பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தது தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை. எல்லாம் ஒரு படத்துக்காக. நடந்ததைத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அமிர்தலிங்கம் குசினிக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

துரை சீமையிலிருந்து கொண்டுவந்த பழைய படம் அது. தாடி வைத்த ஒரு கிழவரின் முகம். செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, திராவகத்தில் அரிக்கவிட்டு, மை தடவிக் காகிதத்தில் ஒற்றியெடுத்ததாம். முந்நூறு வருஷத்துக்கு முந்திய பெரிய ஓவியர் ஒருவர் தம் கையாலேயே கீறியது என்பது துரையின் கட்சி. அதைப் பார்க்கவென்றே சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரர், இல்லை, இது அவருடைய சீடனின் கை என்றார். பூதக்கண்ணாடியை வைத்து, அடியோரத்தில் சீடனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தை யாரோ புதிதாகச் சுரண்டியிருப்பதைக் காட்டிச் சிரித்தார். துரை முகம் சிவந்து, வேலைக்காரர்கள் செய்திருப்பார்கள் என்றார்.

வீரமுத்துவைக் கூப்பிட்டு, படத்தைத் தொட்டாயா என்று கேட்டார்கள். அவன் மெச்சுவார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"ஆமாங்க தொரை, ஆயுத பூசைக்கு நாந்தான் எறக்கித் தொடச்சு சந்தனம் வச்சேன். பெரிய சாமியாரு லா. என் பால் வெட்டுற கத்தியயும் அவரு முன்னாலதான் வச்சுக் கும்புட்டேன்."

கத்தி என்ற சொல் போதுமானதாக இருந்தது. காட்டுக்காரர்கள், அதாவது காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகள், துரைமாரைச் சுட்டுக்கொண்டிருந்த காலம். கத்தியோடு துரையின் அறைக்குள் புகுந்தவன் என்று கண்ட சாட்சி ஒன்று கிடைத்துவிட்டால், அவனை முகாமில் அடைக்கலாம், இந்தியாவுக்குக் கப்பலேற்றலாம், தூக்கிலும் போடலாம். சாட்சி இல்லாமல் கொண்டுபோக மாட்டேன் என்று, துரை வரவழைத்திருந்த தமிழ் தெரியாத போலீஸ் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டாராம்.

ராக்கம்மாவைக் கூடத்துக்கு அழைத்தார்கள்.

வீரமுத்து தரையில் கிடந்தான். கீழுதடு இரண்டாகக் கிழிந்து தொங்கியது. முதல் அடி விழுந்தபோது தனக்குள் ஒரு மூலையில் திருப்தியாக இருந்ததை அவள் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை. அவளைத் 'தொரைசாணி' என்று தொழிலாளர் குடியிருக்கும் லயமே சிரிக்கக் கேலி செய்கிறவன் அவன். இந்தப் பங்களாவை விட்டால் அவளுக்குப் படுக்க இடமில்லை என்று தெரிந்தே செய்த கேலி.

ஆனால் சிங்கப்பூர்க்காரர் வருவதற்கு முன் ஒருநாள் தேநீர் கொண்டுபோனபோது அவள் பார்த்திருந்தாள். துரை மேசைமேல் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து வைத்து, சவர பிளேடால் அடியோரத்தைச் சுரண்டி, தூளை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது தன்னை எதற்கு அழைத்திருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது.

"ராக்கம்மா, இவன் கத்தியோட உள்ள வந்ததெ நீ பாத்தே. சொல்லு," என்றார் துரை, தோட்டத்துத் தமிழில்.

கிராணி அவள் காதருகில் குனிந்தார். "ஆமான்னு ஒரு வார்த்தைதாம்மா. எல்லாரும் நிக்கறாங்க."

பிணத்தை அடையாளம் காட்டிய அன்றும் இப்படித்தான் எல்லோரும் நின்றார்கள். மந்தின் ரோட்டில் எரிந்த லாரியில் மூன்று பேர் கருகிப்போனார்கள். ஒருவன் அவள் புருஷன் மாயாண்டி. போலீஸ் ஸ்டேஷனில் சாக்கை விலக்கி முகமில்லாத ஓர் உடம்பைக் காட்டி, உன் புருஷன்தானே என்று கேட்டார்கள். காத்திருக்கிறார்களே என்பதற்காக ஆமாம் என்றாள். யாருக்கு அழுதோம் என்று தெரியாமல் இன்றுவரை படுத்தெழுகிறாள். அந்தக் கிழவரை யார் கீறினார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி இங்கே இரண்டு வெள்ளைக்காரர்கள் சண்டை போடுகிறார்கள், வாய் கிழிந்தது வீரமுத்துவுக்கு.

"யோசிச்சுச் சொல்லு," என்றார் துரை. அவர் கை இடுப்புத் துப்பாக்கியின் மேல் சும்மா கிடந்தது. "நாளைக்கு நீ எங்க சமைப்பே?"

அவள் கறி பட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"பாக்கலீங்க தொரை," என்றாள். "பாத்தேன்னு சொல்ல மாட்டேன்."

அவள் சொன்னதை இங்கிலீஷில் கேட்க இன்ஸ்பெக்டர் கிராணியின் முகத்தைப் பார்த்தார். அமிர்தலிங்கம் வாயைத் திறக்காமல் நின்றார்.

"நான் சொன்னதெ அப்படியே அவருகிட்டச் சொல்லிருங்க, கிராணி ஐயா."