பிரபாவதியின் பை

மாமல்லபுரம் கடலோரத்தில் இருக்கும் அந்த ரிசார்ட்டில் காற்றே பாதி உப்பு. வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி ஐந்து நிமிடம் ஜன்னலில் வைத்தால் போதும், தனியாக உப்புத் தூவ வேண்டாம். காலையில் சுவரில் அடித்த ஆணி சாயங்காலத்துக்குள் துருவாகி உதிர்ந்துவிடும்; மாட்டிய படம் மட்டும் பழக்கதோஷத்தில் அங்கேயே நிற்கும். இதையெல்லாம் சொன்னவர் சலவைப் பகுதியில் வேலை பார்க்கும் சின்னராசு. அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியிலும் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கரையேறிய கடலாமை ஒன்று தன்னிடம் வழி கேட்டதாகவும், புதுப்பட்டினம் இடது கைப்பக்கம் என்று தான் அனுப்பி வைத்ததாகவும் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரும் நம்பாத அந்த மனிதரிடம்தான் யாரையும் நம்பாத பிரபாவதி ஒரு செவ்வாய்க்கிழமை வாயைத் திறந்தாள்.

பிரபாவதி கருங்குழியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அறைகளைச் சுத்தம் செய்கிறவள். அவள் விரித்த படுக்கையில் சுருக்கம் தேடிப் போன சூப்பர்வைசர் ஒருவர் இன்னும் திரும்பி வரவில்லை என்பார் சின்னராசு. அப்படிப்பட்டவளுக்கு ஒரு மாதமாகப் பாட்டில் ரூபத்தில் சோதனை.

மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகும் முன், முப்பத்தொரு பேரின் பெயர்ச் சீட்டுகளையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டுக் குலுக்கி, வாசல் காவலர் ராஜேந்திரன் ஒன்றை எடுப்பார். பாட்டிலின் வாய் குறுகல். இரண்டு விரல்தான் நுழையும். யார் பெயர் வருகிறதோ அவர் பையை மேசைமேல் கொட்டிப் பார்ப்பார்கள். "எனக்கு யார்மேலயும் தனிக் கண்ணு கிடையாது, எல்லாம் பாட்டில் முடிவு" என்பார் மேனேஜர் சதாசிவம்.

ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து பாட்டில் பிரபாவதியையே முடிவு செய்துகொண்டிருந்தது.

முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் சிரிப்பு நின்றது. மூன்றாம் வாரம், 'சும்மாவா தினம் அவ பையைத் தொறக்கிறாங்க?' என்று ஒரு பேச்சு கிளம்பியது. பேச்சு மேனேஜர் காதுக்குப் போனதும், கடல் பார்த்த அறைகளிலிருந்து அவளை எடுத்து மாடிப்படி துடைக்க விட்டார்.

"எல்லாரும் சேந்து என்னியத் தொரத்தப் பாக்குறாங்கண்ணா" என்றாள், அழுக்கு விரிப்புகளை இறக்கி வைத்துவிட்டு. "வெள்ளிக்கிழமை லெட்டர் குடுத்துட்டுப் போயிடப் போறேன்."

வேறு யாராக இருந்தாலும், 'அது உன் மனசுல தோணுறது' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். சின்னராசு கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார்.

"எத்தினி நாளு உம் பேரு வந்துச்சி?"

"பத்தொம்பது நாள்ல பதினாறு. எழுதி வச்சிகினு கீறேன்."

"அப்ப தோணல. நடந்துகினு கீது."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா, நீயும் அவங்க ஆளா? வாயப் புடுங்க வந்தியா?"

"வந்தது நீ. நான் இங்கியேதான் நின்னுகினு கீறேன். என்னியும் நம்பாத, பரவால்ல. எழுதுறத மட்டும் வுட்றாத."

அன்று மாலையும் பிரபாவதி. டிபன் பாக்ஸ், சீப்பு, மாற்றுப் புடவை எல்லாம் மேசைமேல் விழுந்தன. கூட்டம் எட்டிப் பார்த்தது. யாரும் கேட்காமலே சின்னராசு தன் பையையும் பக்கத்தில் கவிழ்த்தார். ஒரு தேங்காய் மூடி, மூன்று சட்டைக் காலர், ஒற்றைச் செருப்பு.

"இன்னா அண்ணாத்த, ஒத்தச் செருப்பு?" என்றார் ராஜேந்திரன்.

"இன்னொண்ண ஆமை போட்டுகினு போச்சி."

கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பிரபாவதி தன் பொருட்களை ஒருத்தர் கண்ணும் படாமல் எடுத்து வைத்தாள்.

புதன்கிழமையும் பாட்டில் தன் பழக்கத்தை விடவில்லை, சின்னராசுவும் விடவில்லை. வியாழக்கிழமை அவர் பையிலிருந்து ஒரு முழு ஜமக்காளம் வந்தது. அதைத் திரும்ப மடிக்கவே ஆறு பேர் தேவைப்பட்டதால் அவளைப் பார்க்க ஆள் இல்லை.

மடித்து நிமிர்ந்தபோதுதான் சின்னராசுவின் கண் பாட்டிலில் நின்றது. ராஜேந்திரன் அவள் சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கி வைத்திருந்தார். மற்ற சீட்டெல்லாம் ஈரத் துண்டுபோல அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒன்று மட்டும் கஞ்சி போட்ட துணிபோல நெட்டுக்குத்தாக நின்றது. இருபத்தேழு வருஷம் துணியோடு மல்லுக்கட்டியவருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் பிரபாவதியிடம் சொன்னார். அவள் வெகுநேரம் யோசித்தாள். "நாளைக்கு நான்தான் பேசுவேன். நீ பேசினா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"அது நியாயம்" என்றார் சின்னராசு.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, எல்லார் முன்னாலும் அவள் மேசைமேல் கையை ஊன்றினாள். "இருபத்திரண்டு நாள்ல பத்தொம்பது நாள் எம் பேரு சார். இன்னிக்குப் பத்து தடவ எடுக்கச் சொல்லுங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்றார் சதாசிவம்.

"ரெண்டு பஸ் மாறப் போறது நான்தானே சார்? எடுக்கச் சொல்லுங்க."

ராஜேந்திரன் எடுத்தார். பிரபாவதி. பிரபாவதி. பிரபாவதி. பத்தில் ஒன்பது தடவை அவள். ஒரே ஒரு தடவை தோட்டக்காரர் பெயர் வந்தது. அவர் அதிர்ச்சியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிரபாவதி பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினாள். முப்பது சீட்டுகள் மழை ஈரம் ஏறி, நனைந்த அப்பளம்போல ஒரே கட்டியாக விழுந்தன. அவளுடையது மட்டும் டக்கென்று சத்தம் போட்டு விழுந்தது. கெட்டி அட்டை. பின்பக்கம் தங்க எழுத்தில் பாதி முகூர்த்த நேரம்.

ராஜேந்திரன் தலையில் கைவைத்தார். "ஐயையோ, நான்தாம்மா! தை மாசம் நீ சேந்தப்ப நோட்டுல தாளு தீந்து போச்சி. புதுசா வந்த பொம்பள, நல்லதுல எழுதுவோமேன்னு எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகைய வெட்டி எழுதினேன். ஒரு மரியாதைக்கு..."

"உன் மரியாதையில என் மானம் போச்சேய்யா!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஒரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. ஆனால் அத்தோடு விடவில்லை. ஐந்நூறு பத்திரிகை அடித்து முன்னூறு பேரை அழைத்த ராஜேந்திரனின் காவல் அறை அலமாரியில் மிச்சம் கட்டாகக் கிடந்தது. அங்கேயே வெட்டி எல்லார் பெயரையும் எழுத வைத்தாள்.

"உங்க பேரும் சார்."

"நானா?"

"ஆமா சார்!" என்றது முப்பத்தொரு வாய்.

இந்தத் தடவை அவளே இரண்டு விரலை விட்டு எடுத்தாள். சதாசிவம். சின்னராசு சொல்லியிருந்தால் நீங்களும் நானும் நம்பியிருக்க மாட்டோம். ஆனால் முப்பது பேர் பார்த்தார்கள். மேனேஜர் பையிலிருந்து ஒரு லுங்கியும், அரைப் பொட்டலம் மிக்சரும், மூன்று வாழைப்பழமும் வந்தன. பிரபாவதி லுங்கியை உதறிப் பார்த்தாள். பழங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். மிக்சரை முகர்ந்தாள்.

"சரியா கீது. போலாம் சார்."

சதாசிவம் போகவில்லை. லுங்கியை மடித்தபடி தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமையிலேர்ந்து உங்க ரூமையெல்லாம் நீங்களே பாருங்கம்மா. உங்கமேல தப்பு ஒண்ணும் இல்ல. தப்பு எங்களது."

"எல்லாருக்கும் கேக்கட்டும் சார்."

அவர் உரக்கச் சொன்னார். எவ்வளவு உரக்க என்றால், நாலு மைலுக்கு அப்பால் கடலில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்று, 'கேட்டுச்சி' என்று கையசைத்தார் என்கிறார் சின்னராசு.

வழக்கம்போல எல்லாரும் சிரித்தார்கள். பிரபாவதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேராக எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்:

"சிரிக்காதீங்க. நானும் பாத்தேன்."