சனிக்கிழமை தோய்த்த கொலர்

நோபேட்டைப் பிடித்துக்கொண்டு போன பிறகும், கொட்டாஞ்சேனையில் அவருடைய அலுமாரிக்குள் தொங்கிய வெள்ளைச் சேட்டின் கொலர் கிழமைக்கு ஒருதரம் ஊத்தையாகிக்கொண்டிருந்தது. அவர் துறைமுகத்துக் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக். பேச்சுவார்த்தை முறிந்து சண்டை திரும்பத் தொடங்கிய வருஷம், ஆவணி மாதம், வேலை முடிந்து வரும்போது சந்தியில் மறித்து அடையாள அட்டையை, ஐசியைப் பார்த்தார்கள், ஜீப்பில் ஏறச் சொன்னார்கள், அவ்வளவுதான். எந்தப் பொலிஸில் போய்க் கேட்டாலும் அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்றார்கள். அவருடைய மனைவி மாக்ரெட் தேவாலயத்துக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஏதாவதொரு வாசலில் நின்றாள். ஒரு சனிக்கிழமை அலுமாரியைத் திறந்தபோது சேட்டின் கழுத்துப் பக்கம் மண்ணிறக் கோடு விழுந்திருந்தது. பழைய ஊத்தையாக்கும் என்று தோய்த்துப் போட்டாள். அடுத்த சனிக்கிழமையும் அதே கோடு. யாரும் போடாத சேட்டுக்கு வேர்வை எங்கிருந்து வரும் என்று அவள் மண்டையைப் போட்டுக் குழப்பவில்லை. ஆள் எங்கேயோ இருக்கிறார், வேர்க்கிறது, வேர்த்தால் ஊத்தை பிடிக்கும்தானே. சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

இந்தச் சேட்டை வெட்டியவள் செலீன். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் பை மாற்றத்தின் சட்டம் அப்படி. மாக்ரெட், செலீன், பைறோஸா, இராமலெட்சுமி நாலு பேரும் பம்பலப்பிட்டியில் ஒரே தையல் வகுப்பில் படித்தவர்கள். வகுப்பு முடிந்தும் பிரிய மனமில்லாமல் ஒரு விளையாட்டுத் தொடங்கினார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொருத்தியும் ஒரு துணிப்பைக்குள் தன் வீட்டு வெட்டுத்துணி, லேஸ் முனை, பொத்தான், நூல் மிச்சம் என்று கையில் அகப்பட்டதைப் போட்டு இன்னொருத்திக்கு அனுப்ப வேண்டும். பையைப் பெற்றவள் அதற்குள் இருப்பதை வைத்துச் சதுரமாக ஒரு கட்டம் தைக்க வேண்டும். கட்டங்கள் சேர்ந்ததும் அவற்றை மூட்டி ஒரு போர்வை. தன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவது மற்றவள் கையில் என்னவாக வருகிறது என்று பார்ப்பதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம். பாமன்கடையில் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலைக்குப் போகும் இராமலெட்சுமி ஒருமுறை கழித்து விட்ட காற்சட்டைச் சிப்புகளாக அனுப்பினாள். செலீன் அவற்றைத் தண்டவாளமாக்கிக் கடற்கரை ரயிலைத் தைத்தாள். அந்தக் கட்டத்தைப் பார்க்க இரண்டு தெருச் சனம் வந்தது. சட்டம் மூன்று: எதையும் வேண்டாம் என்று ஒதுக்கக்கூடாது, எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது, வெட்டாமல் திருப்பி அனுப்பக்கூடாது. செலீன் இருந்த வெள்ளவத்தையில்தான் பைறோஸாவின் தங்கையும் இருந்ததால், கொட்டாஞ்சேனைப் பைகளைப் பைறோஸாவே அங்கே கொண்டு போவாள்.

அந்த மாதம் கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்பு. ஆம்பிளை இல்லாத வீட்டில் ஆம்பிளைச் சேட் கண்டால் ஆளை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் மாக்ரெட் சேட்டைச் சுருட்டிக் கண்முன் கிடந்த பைக்குள் திணித்தாள். வந்தவர்கள் பையை உதறவில்லை. லேஸையும் பொத்தானையும் கண்டு சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் அவள் வழக்கம்போல ஒரு காம்ப் வாசலில் நிற்கப் போன நேரம், பைறோஸா வந்து பையை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய்விட்டாள். செலீன் கலியாணம் கட்டாதவள், ஒழுங்கையோரத்துப் பிளாற் ஒன்றில் சேலைச் சட்டை தைத்துக் கொடுத்துச் சீவித்தாள். பைக்குள் முழுச் சேட் இருந்ததில் அவளுக்குப் புதுமையாகத்தான் இருந்தது, ஆனால் கேட்கக்கூடாதே. கொலரை விரித்துக் கூரையாக்கினாள், பொக்கெற்றைக் கதவாக்கினாள், முதுகுத் துணியில் சுவர் வைத்தாள். அவள் தைத்ததிலேயே வடிவான வீடு அதுதான்.

மாக்ரெட் ஓடி வந்து அந்த வீட்டைக் கண்டபோது கத்தவில்லை, கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். வெட்டியது சேட்டை மட்டும்தானா, அவருக்கும் ஏதும் ஆகிவிட்டதா என்று அந்தக் கிழமை முழுக்க இரண்டு பேரும் செத்துப் பிழைத்தார்கள். சனிக்கிழமை கூரையில் மண்ணிறக் கோடு வந்தது. அதைக் கண்டு செலீன் வாய்விட்டு அழுதாள்.

"என்ர வீட்டில திரும்பவும் செக்கிங் வரும். உன்னட்டயே இருக்கட்டும்," என்றாள் மாக்ரெட். "சனிக்கிழமையில கொண்டு வா. நீ தோய்க்க வேண்டாம். அவற்ற ஊத்தையை நான்தான் தோய்க்க வேணும்."

அப்படியே நடந்தது. செலீன் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலிவீதியில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு அந்தக் கட்டத்தைக் கொண்டு போனாள். மாக்ரெட் முதலில் மணந்து பார்ப்பாள், பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நோபேட்டின் செய்திகள் அப்படித்தான் வந்தன. ஒருநாள் செங்கட்டித் தூள் இருந்தது, வேலை வாங்குகிறார்களாக்கும். ஒருநாள் பருப்புக்கறித் துளி இருந்தது; அன்றைக்கு மாக்ரெட் ஒழுங்கை முழுக்கக் கேக் கொடுத்தாள். ஒருநாள் ஒரு பொட்டு இரத்தம். அதை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும்வரை ஒருவரோடும் கதைக்கவில்லை. அயலுக்கும் இது தெரியும். நோபேட்டுக்கு எப்படி என்று கேட்பார்கள், பரவாயில்லை, கொஞ்சம் வேர்வை கூட என்று அவளும் பதில் சொல்வாள்.

இரண்டாம் வருஷம் அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த நாள் சனிக்கிழமையாக வந்தது. செலீன் கட்டத்தை எடுத்தாள். கொலர் வெள்ளையாக இருந்தது, இப்போதுதான் கடையில் வாங்கியது போல. மத்தியானம் மட்டும் பார்த்தபடி இருந்தாள். கோடு வரவில்லை. என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குச் சொல்லித் தர ஆள் தேவைப்படவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் மாக்ரெட் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இந்தக் கிழமை மட்டும் என்று நினைத்துக்கொண்டு செலீன் கட்டத்தைத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு குசினிக்குள் நின்று மீன் பொரித்தாள். கோடு விழுந்தது. ஆனால் அந்தத் துணி இப்போது யாருடைய ஊத்தையையும் வைத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளுத்தது. ஆகவே அவள் அதை கைலேஞ்சி மாதிரி மடித்துக் கழுத்தில் கட்டி, மேலே சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸில் ஏறி, மாக்ரெட்டின் ஒழுங்கை முனையில் இறங்கித்தான் கழற்றினாள். மாக்ரெட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தலையாட்டினாள், தோய்த்தாள். அந்த ஒரு கிழமை இரண்டு வருஷமாக நீண்டது. அடுத்த கிழமை சொல்லலாம் என்றுதான் செலீன் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறினாள். வெயிலில் சன நெரிசலில் கழுத்து அவிய அவிய நின்று, இன்றைக்கு நல்லாக வேர்க்கட்டும் என்று மாதாவைக் கும்பிட்டாள். வெட்கக்கேடான மன்றாட்டுத்தான், வேறென்ன செய்வாள் பாவம்.

பிறகு ஒரு சனிக்கிழமை நகரத்துக்குள் குண்டு வெடித்தது. கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஐசியில் தமிழ்ப் பெயர் இருந்தவர்களைத் தனி வரிசையில் விட்டார்கள். பொம்பிளைப் பொலிஸ் ஒருத்தி செலீனின் தலைப்பை விலக்கிக் கழுத்தில் கட்டியிருந்ததைத் தொட்டு "மே மொகத?" என்று சிங்களத்தில் கேட்டாள், இது என்னவென்று. "ரெதி கேல்லக், மிஸ்," என்றாள் செலீன், ஒரு துணித் துண்டுதான் என்று. கழற்றச் சொன்னார்கள். மேசையில் மற்றவர்களின் பைகளோடு அது பின்னேரம் வரைக்கும் கிடந்தது. விட்டபோது பஸ் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனை வரைக்கும் நடந்தாள். ஒழுங்கை முனையில் கட்டி ஒரு ஓட்டம் ஓடினால் வேர்க்கும் என்று நினைத்து வந்தவளை முனையிலேயே மாக்ரெட் பிடித்துக்கொண்டாள். குண்டுச் செய்தி கேட்டதிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறாள். செலீன் உயிரோடு வந்ததற்குக் கட்டிப் பிடித்துக் கொஞ்சினாள். பிறகு கையிலிருந்ததை வாங்கித் தெருவிளக்கின் கீழே பிடித்தாள்.

"இது வெள்ளையா இருக்கு."

செலீன் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள்.

"எந்த நாளில இருந்து?"

"அந்தோனியார் திருநாளுக்கு அடுத்த நாள்."

"இந்த வருஷமோ?"

"இல்லை மாக்ரெட். போன வருஷத்துக்கும் முந்தினது."

மாக்ரெட் கட்டத்தை மடித்தாள். "கொஞ்ச நாளா எண்ணெய் மணத்தது," என்றாள். "அங்க அவருக்குத் தலைக்கு வைக்க எண்ணெய் குடுக்கிறாங்களாக்கும் எண்டு நான் சந்தோசப்பட்டனான். உன்ர எண்ணெயோ அது?"

"ஓம்."

"ரெண்டு ஆண்டுப் பூசை போயிட்டுது, செலீன். ஒரு மெழுகுதிரி கொளுத்தினனானோ நான்? உன்ர வேர்வையைத் தோய்ச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்."

கட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை, ஆனால் செலீனுக்குத் தட்டத் துணிவு வரவில்லை. அன்றிரவு அவள் பைறோஸா வீட்டில் படுத்தாள். பைறோஸா விடிய விடிய அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த திருநாளுக்கு மறுநாள் நோபேட்டுக்குப் பூசை நடந்தது. செலீன் தேவாலயத்தின் கடைசி வாங்கில் இருந்தாள், மாக்ரெட் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பை வருவதும் நின்றது. சனிக்கிழமைகளில் செலீனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பஸ் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வருவாள். ஆடி மாதம் இராமலெட்சுமி தன் பைக்குள் நல்ல நீலத் துணியாகப் போட்டு அனுப்பினாள். செலீனுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. வெட்டினாள், வெட்டியதை வெட்டினாள், கடைசியில் எல்லாம் விரல்நுனி அளவாகப் போய்விட்டது.

ஐப்பசியில் பைறோஸா பை இல்லாமல் வந்து ஒரு செய்தி சொன்னாள். "அந்தக் கொலர் திரும்ப ஊத்தையாகுது புள்ள. மாக்ரெட் பாவம், மொதநாள் பார்த்துட்டு மனிசன் உசிரோட இரிக்கார் எண்டு தெருவுக்கு ஓடி வந்துட்டா. பொறகு மணந்து பார்த்தா. ஒண்டும் சொல்லல்ல. உன்ட எண்ணெய் மணம்." இரண்டு வருஷம் செலீனின் கழுத்தில் கிடந்த துணி அவளைப் பழகிவிட்டது. இது நடக்கக்கூடியதுதான் என்று பைறோஸா நினைத்தாள், செலீனும் அப்படித்தான் நினைத்தாள். மாக்ரெட் ஓடி வந்த அந்தத் தெருவை மட்டும் அவளால் நினைக்க முடியவில்லை. மாக்ரெட் அதைத் தோய்க்காமல் அலுமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள் என்றும் பைறோஸா சொன்னாள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை காலை, மழை. செலீன் மெஷினில் இருந்து யாருக்கோ சட்டைக் கை மூட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று பிடரியில் ஈரம் பட்டது. கூரை ஒழுக்கா என்று நிமிர்ந்து பார்த்தாள், மேலே இரண்டு மாடி இருக்கிறது. ஈரம் இளஞ்சூடாக இருந்தது. காது மடலில் இருந்து மற்றக் காது மடல் வரைக்கும் ஒரு கை மெல்லத் தேய்த்தது, பெருவிரலால் தேய்த்தது, சவுக்கார மணம் வந்தது. பிறகு அலசியது. செலீன் மெஷினை நிறுத்திவிட்டுக் கழுத்தைக் குனிந்து கொடுத்தபடி அது காயும் மட்டும் இருந்தாள். காய்ந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. குடையை மறந்து பஸ் ஏறினாள்.

மாக்ரெட் குழாயடியில் தகரக் கூரையின் கீழ் இருந்தாள். கட்டம் அங்கேயே கொடியில் தொங்கியது. நனைந்து வந்து நின்றவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"நீ தோய்க்கேக்க எனக்குத் தெரிஞ்சது," என்றாள் செலீன். "கழுத்தில. உன்ர கை. சவுக்கார மணம்கூட வந்தது." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அப்ப அவருக்கும் தெரிஞ்சிருக்கும் மாக்ரெட். உள்ளுக்கு இருந்த காலம் முழுக்க, சனிக்கிழமையில சனிக்கிழமையில."

மாக்ரெட் வாளித் தண்ணீருக்குள் கையை விட்டாள். பிறகு, "சூடாயிருந்ததோ?" என்று கேட்டாள்.

"இளஞ்சூடு."

"மழை நாளில நான் சுடுதண்ணி கலந்துதான் தோய்க்கிறனான். அவருக்கும் அப்படித்தான் தோய்ச்சனான்." வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள், செலீன் பக்கத்தில் குந்தி இருந்தாள். அழுது முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவருக்குக் குளிர்ந்திருக்காது," என்றாள்.

தை மாதம் பை மாற்றம் திரும்பத் தொடங்கியது. கொலர்க் கட்டத்தைப் போர்வையில் மூட்டவில்லை, அதை மாக்ரெட்டே வைத்திருக்கிறாள். சனிக்கிழமை காலையில் வெள்ளவத்தையில் சட்டை அளவு கொடுக்க யாராவது வந்தால், கொஞ்சம் இருங்கோ என்று செலீன் கதிரையைக் காட்டிவிட்டு, கொண்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருப்பாள். வழக்கமாக வருகிறவர்களுக்கு அது தெரியும், காய்ந்து முடியும் மட்டும் பேசாமல் இருப்பார்கள்.