கடைசி வரிசைப் பயணி

ஷூவை மறந்துவிட்டு வகுப்புக்கு வந்தது அவள் தப்புதான். விமானப் பணிப்பெண் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு முன் அது கடைசி ஒத்திகை. குதிகால் வைத்த கருப்பு ஷூ இல்லாதவர்களுக்கு இன்று முறை கிடையாது என்று பயிற்சி மேடம் சொல்லிவிட்டார். அவள் காலில் ரப்பர் செருப்பு.

வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மா சந்தைக்குப் போன் செய்தாள். சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அப்பா கத்தியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஷூவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் அவரே கூப்பிட்டார்.

"வந்துட்டே இருக்கேன்மா. எத்தனாவது மாடி?"

"மேல வராதீங்கப்பா. கீழ வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போயிடுங்க."

"கையிலயே குடுத்துட்டுப் போறேனே."

"வேணாம்பா. உள்ள விட மாட்டாங்க."

யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாயில் வந்தது, சொன்னாள்.

பயிற்சி நிலையம் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. நீளமான ஒரு கூடம். நடைபாதைக்கு இடம் விட்டு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடைபாதையின் இரு ஓரத்திலும் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. அதுதான் விமானம். உணவு வண்டி என்பது ஏதோ அலுவலகத்தில் தேநீர் கொண்டுபோன பழைய தள்ளுவண்டி. ஒரு சக்கரம் கீச்சிடும். சக்கரத்தைவிடச் சத்தமாகச் சிரிக்கக் கூடாது, சத்தமில்லாமல் சிரிக்க வேண்டும் என்பார் மேடம்.

ஒத்திகைக்குப் பயணிகள் வேண்டும். மாணவிகள் பாதிப் பேர் பயணிகளாக உட்கார்வார்கள். மிச்ச நாற்காலிகளுக்கு வாட்ச்மேன் ஆள் பிடித்து அனுப்புவார். செல்போன் கடைக்கு வந்தவர்கள், கூரியர் கொடுக்க வந்தவர்கள், நிழலுக்கு ஒதுங்கியவர்கள். மேலே ஏசி உண்டு, டீ உண்டு, சும்மா உட்கார்ந்தால் போதும் என்று சொன்னால் யார் வேண்டாம் என்பார்கள்.

வாட்ச்மேன் ஷூப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டாள். மூச்சு வந்தது.

வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கதவு திறந்தது. கீழேயிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் அப்பா.

கதவருகே நின்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மகளைத் தேடுகிறவர் மாதிரி. தேடிக் கண்டுபிடித்துவிட்டார். முகம் மலர்ந்தது. வாய் திறந்தது.

அவள் குனிந்து வண்டிச் சக்கரத்தைப் பார்த்தாள். சக்கரத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

அவள் நிமிர்ந்தபோது அவர் வாய் மூடியிருந்தது.

"வாங்க, வாங்க. மூணாவது வரிசையில உக்காருங்க சார்," என்றார் மேடம்.

அவர் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு வகுப்பில் கண்ணாடி என்று பெயர். கைக்கண்ணாடி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. கண்ணாடி ஒருமுறை மூக்கைச் சுளித்தாள். பிறகு இன்னொருமுறை, எல்லாருக்கும் தெரியும்படி.

இவள் வண்டியைத் தள்ளினாள். முதல் வரிசைக்குத் தண்ணீர். இரண்டாவது வரிசைக்குத் தண்ணீர். சக்கரம் கீச்சிட்டது.

"டிங்," என்றாள் கண்ணாடி. பயணி மணி அடிக்கிறாராம். "எக்ஸ்க்யூஸ் மீ. இங்க என்னமோ நாத்தம் வருது. மீன் மார்க்கெட்ல உக்காந்த மாதிரி இருக்கு. என்னால முடியாது."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி, "ஜன்னலத் திறடி," என்றாள். "பறக்குறப்பவா?" என்றாள் வேறொருத்தி. சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது.

மேடம் சிரிக்கவில்லை. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"சைலன்ஸ். இது நிஜமாவே நடக்கும். இன்டர்வியூல கட்டாயம் கேப்பாங்க. ம்ம், ஹேண்டில் பண்ணு."

அப்பா இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். வேலை முடிந்து எலுமிச்சைத் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் கைகள். இன்று தேய்க்க நேரம் இருந்திருக்காது.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. மேடம், இவர் எங்கப்பா. அதைச் சொல்லியிருந்தால் சிரித்தவர்கள் எல்லாரும் வாயைப் பொத்தியிருப்பார்கள். கண்ணாடியேகூட மன்னிப்புக் கேட்டிருப்பாள். அது அவளுக்கு அப்போதே தெரியும். பிறகு தோன்றிய யோசனை அல்ல.

கற்றுக்கொடுத்தபடி செய்தாள். பயணியின் கண்ணுக்குக் கீழே நம் கண் இருக்க வேண்டும். முட்டியை மடக்கி உட்கார்ந்தாள். விஷயத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. பயணிக்கு நல்லது செய்வதுபோல் இருக்க வேண்டும்.

"சார், பின்னாடி ஒரு வரிசையே காலியா இருக்கு. கால நீட்டி வசதியா உக்காரலாம். வர்றீங்களா சார்?"

"பரவால்ல, இங்கயே சௌகரியமாத்தான்..." என்று ஆரம்பித்தார் அப்பா. அவள் முகத்தைப் பார்த்தார். "சரிங்க மேடம்," என்றார்.

எழுந்து, மஞ்சள் டேப்பை மிதிக்காமல், நடைபாதை நடுவிலேயே நடந்து கடைசி வரிசைக்குப் போனார். உட்கார்ந்து, சொன்னதற்காகக் காலை நீட்டிக்கொண்டார். அவள் காகிதக் கப்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"தேங்க்ஸ் மேடம்."

பயிற்சி மேடம் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். அவர்தான் கடைசியில் நிறுத்தியவர்.

"இதையே சொல்லு அங்க. கஷ்டமான சூழ்நிலையை எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேட்டா இதுதான் உன் பதில். கதை வேற, நடந்தது வேற. நடந்ததுக்குத்தான் மார்க்கு."

டீ குடிக்காமல் அப்பா படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல வீட்டுக்கு வந்தார். குளித்தார். சட்டை மாற்றினார். முன்னறையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு மாதமாக நடக்கும் வழக்கம் இது. அவர்தான் தேர்வுக்குழு. கேள்விகள் அவருக்கு மனப்பாடம். கேள்வி கேட்கும்போது தொண்டையைச் செருமி, குரலைக் கனமாக்கிக்கொள்வார். அம்மா துவைத்த துணிகளை மடித்தபடி வேடிக்கை பார்ப்பாள்.

"ஷூ நேரத்துக்கு வந்துச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"வந்துச்சு."

"அலறியடிச்சுட்டுப் போனாரு மனுஷன். மேல போய்ப் பாத்தீங்களா? பிளேன் மாதிரியே போட்டு வெச்சிருக்காங்களாமே?"

"வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன்," என்றார் அப்பா. செருமினார். "அடுத்து. கஷ்டமான ஒரு பயணியை நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

அவள் பழைய பதிலைத் தொடங்கினாள். ஒரு குழந்தை அழுததாம். அதற்குக் காகிதத்தில் பறவை மடித்துக் கொடுத்தாளாம். அவளே கட்டிய கதை. நூறு தடவை சொல்லிப் புளித்துப்போனது.

"அது வேணாம்," என்றார் அப்பா.

"ஏன்?"

"இன்னிக்கு வகுப்புல வேற ஏதாவது சொல்லிக் குடுத்திருப்பாங்கல்ல. அதச் சொல்லு."

அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். கோபமா என்று தேடினாள். கோபம் இருந்திருந்தால் தேவலை. பதில் நன்றாக வர வேண்டுமே என்ற கவலை மட்டும்தான் இருந்தது.

சொன்னாள். ஒரு பயணிமேல் வாடை அடித்தது. பக்கத்தில் இருந்தவர் புகார் செய்தார். நான் பயணியின் முன் முட்டி மடக்கி உட்கார்ந்தேன். அவர் மனம் நோகாதபடி பேசி, பின் வரிசைக்கு அழைத்துச் சென்றேன். அவர் நன்றி சொன்னார்.

அம்மா கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பாவம்டி அந்தாளு. அத்தனை பேர் முன்னாடி எந்திரிச்சுப் போகணும்னா முகம் எப்படிச் சுருங்கிப்போயிருக்கும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. "பின்னாடி ஃபேன் காத்து நல்லாவே வந்துச்சு."

அம்மாவின் கை நின்றது. அவரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். துண்டை மடிக்காமலேயே கீழே வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு பாத்திரம் வைக்க வேண்டியதைவிடச் சத்தமாக வைக்கப்பட்டது.

அப்பா செருமினார்.

"நல்ல பதில். அடுத்த கேள்வி."

தேர்வு நாள் காலையில் அம்மா வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். கொண்டை போட ஊசி ஊசியாக எடுத்துக் கொடுத்தாள். பேசவில்லை. வாசலில் மட்டும், "அப்பா கூட வருவாரு. புது இடம், தனியாப் போகாத," என்றாள். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். மறுத்துப் பார் என்பதுபோல.

அவள் மறுக்கவில்லை.

அப்பா அன்று சந்தைக்குப் போகவில்லை. இரண்டு தடவை குளித்திருந்தார். கல்யாணங்களுக்குப் போடும் சட்டை. கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாக நின்றது. தெருவில் நாலடி பின்னாலேயே நடந்து வந்தார். அவள் நின்றால் அவரும் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தார்.

பேருந்தில் அவள் முன்வாசல் வழியாக ஏறினாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அவர் பின்வாசல் வழியாக ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கை காட்டிக் கூப்பிட்டாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

நடத்துநர் வந்தார். அவள் பையைத் திறந்தாள்.

"உங்களுக்கு எடுத்தாச்சும்மா."

"யாரு?"

"அதோ, கடைசி சீட்டுல இருக்காரே. முன்னாடி உக்காந்திருக்கிற மேடத்துக்கும் சேத்துன்னாரு." நடத்துநர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்சவரா, இல்ல ஏதாவது தொந்தரவா? சொல்லுங்க, இறக்கி விட்டுடறேன்."

அவளுக்கு முகம் எரிந்தது.

"எங்கப்பா," என்றாள்.

அது வகுப்பில் பழக்கிய குரலில் வந்தது. மென்மையாக, எதிரில் இருப்பவரைத் தவிர யாருக்கும் கேட்காதபடி. எதிரில் இருப்பவருக்கும் கேட்கவில்லை. பேருந்து இரைந்தது.

"என்னம்மா?"

அவள் எழுந்தாள். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் எங்கப்பா!"

நாலைந்து பேர் திரும்பினார்கள். அப்பாவும் திரும்பினார். வேண்டாம் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

அவள் குதிகால் தடுமாற, கம்பிக்குக் கம்பி பிடித்துப் பின்னால் போனாள். அவர் ஜன்னலோடு ஒட்டி நகர்ந்தார்.

"இங்க எதுக்கு வர்ற? சட்டையில ஒட்டிக்கப் போகுது. இன்டர்வியூ இருக்கு."

அவள் உட்கார்ந்தாள். பவுடர், எலுமிச்சை, அதற்கும் கீழே அது. சின்ன வயதிலிருந்து தெரிந்த வாடை. மூக்கு அதைக் கவனித்தது. கவனிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

சிறிது தூரம் போனதும் அவர் செருமினார்.

"ஒரு தடவ சொல்லிப் பாத்துக்குவோமா? கஷ்டமான ஒரு பயணியை நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

"ஒரு குழந்தை அழுதுச்சு," என்றாள்.

"அதுவா? மேடம் சொன்னது இல்லையா?"

"இதத்தான் சொல்லப் போறேன்."

அவர் யோசித்தார்.

"மார்க்கு குறையாதா?"

"குறையட்டும்."

"வேலை போயிடுமேம்மா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சரி, மேலே சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

அவள் காகிதப் பறவையின் கதையை முதலிலிருந்து சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். இறங்கும் இடம் வரும்வரை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியிலேயே வைத்திருந்தார்.